கையில் ஏந்தி எடுக்கும் 4×5: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

“முக்காலி இல்லாமல் 4×5 அங்குலத் தாள் ஃபிலிமில் படம் எடுக்க ஆசை. எதை வாங்குவது?” என்று கேட்பவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. இரண்டு மூன்று கேமராக்களைப் பார்த்து வைத்துவிட்டு, எந்தப் பக்கமும் சாய முடியாமல்தான் வருகிறார்கள். ஒருவர் கிரவுன் கிராஃபிக் என்ற பழைய பத்திரிகைக் கேமராவுக்கும் முப்பரிமாண அச்சில் செய்த 90 மி.மீ. பெட்டிக்கும் நடுவே நிற்கிறார். இன்னொருவருக்கு 1930-களின் 9×12 சென்டிமீட்டர் தகட்டுக் கேமரா ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் அலமாரியில் அழகுப் பொருளாக உட்கார்ந்துவிடுமோ என்று பயம். மூன்றாமவர், பழைய போலராய்டு ஒன்றை 4×5-க்கு மாற்றித் தருவதாக யாரோ சொன்னதிலிருந்து தூங்கவில்லை.

இந்த ஆசை புதிதல்ல. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் வேலை செய்தார்கள். 1945-இல் ஐவோ ஜிமாவில் கொடி நடும் வீரர்களை ஜோ ரோசன்தால் எடுத்தது ஸ்பீடு கிராஃபிக் என்ற 4×5 கேமராவில். நியூயார்க்கின் இரவுத் தெருக்களை வீஜீ எடுத்ததும் ஸ்பீடு கிராஃபிக்கில்தான். அவர்கள் கையால் முடிந்தது நம் கையாலும் முடியும். ஆனால் அவர்களுக்கு ஃபிலிமை வாங்கித் தரவும், கேமராவைச் சரிபார்த்துத் தரவும் ஓர் அலுவலகம் இருந்தது. நமக்கு அதுவும் நம் வேலை. தேர்வில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கப்போவது எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கும்? லென்ஸின் பெயர், கேமராவின் அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகு. காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கேமராக்களுக்குப் போக வேண்டும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

ஃபோகஸ். 4×5 அங்குலத் தாளின் பரப்பு 35 மி.மீ. சட்டகத்தைப்போல ஏறத்தாழ 13 மடங்கு. அந்தப் பரப்பை நிரப்ப நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீளும்போது தெளிவாக விழும் ஆழம் சுருங்குகிறது. கணக்காகவே பார்க்கலாம். 135 மி.மீ. லென்ஸை எஃப் 8 துளையில் வைத்து 3 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழுவது சுமார் 2.65 மீட்டரிலிருந்து 3.4 மீட்டர் வரை. எஃப் 4.7-க்குத் திறந்தால் அது 2.8-லிருந்து 3.25 வரை என்று, அரை மீட்டருக்கும் குறைவாகிவிடும். இன்னும் நெருங்கி ஒன்றரை மீட்டருக்குப் போனால் எஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை.

முக்காலியில் இருப்பவர் கேமராவின் பின்னால் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, ஃபிலிம் தாள் உள்ள ஹோல்டரைச் செருகி, நிதானமாக எடுப்பார். கையில் பிடித்திருப்பவரால் அது முடியாது. கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹோல்டரைச் செருகும் பத்து விநாடிக்குள் உங்கள் உடம்பும் எதிரே நிற்பவர் உடம்பும் சில சென்டிமீட்டர் ஆடியிருக்கும். ஆகவே கையில் எடுக்கும் 4×5-க்கு மூன்று வழிகளே உண்டு: இரண்டு பிம்பத்தை ஒன்றுசேர்த்துத் தூரம் காட்டும், லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர், அகலக் கோண லென்ஸோடு தூர அளவுகோலை நம்புவது, ஃபிலிம் ஏறிய பிறகும் லென்ஸ் வழியே பார்க்க வைக்கும், உள்ளே சாய்ந்திருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி. கீழே வரும் கேமராக்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஒளியும் ஷட்டரும். கை நடுக்கத்துக்கு அஞ்சாமல் எடுக்க 1/125 விநாடி வேண்டும். பழகிய கைக்கு 1/60 போதும். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமில் உச்சி வெயிலுக்கு எஃப் 16-இல் 1/400. திறந்தவெளி நிழலுக்கு எஃப் 8-இல் ஏறத்தாழ 1/100. அதாவது நிழலுக்குள் நுழைந்த கணமே எஃப் 8-க்கு வந்துவிடுகிறீர்கள். அங்கே ஆழம் எவ்வளவு என்று மேலே பார்த்தோம். வீட்டுக்குள் என்றால் ஃபிளாஷ் இல்லாமல் கையில் எடுக்கும் பேச்சே வேண்டாம். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. லென்ஸோடு வரும் பழைய லீஃப் ஷட்டர்களில் எண்ணெய் இறுகி முதலில் கெடுவது ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்கள். கையில் எடுப்பவருக்கு அவை தேவையே இல்லை. மெதுவான வேகம் சிக்கிக்கொள்கிறது என்பதற்காக விலை குறைக்கப்பட்ட ஷட்டர், 1/50-க்கு மேல் ஒழுங்காக ஓடினால் உங்களுக்கு லாபம்.

எடையும் பிடியும். எத்தனை கிலோ என்பதைவிட அந்த எடை எந்தக் கையில், எப்படி உட்காருகிறது என்பது முக்கியம். இடது கை முழுதும் பட்டைக்குள் நுழைந்து பிடிக்கும் 2 கிலோ, விரல் நுனியில் தொங்கும் 1 கிலோவைவிட அசையாமல் நிற்கும்.

பின்புறமும் ஹோல்டரும். எந்த ஹோல்டர் பொருந்தும், அது எளிதில் கிடைக்குமா, உடனடிப் படப் பெட்டி மாட்டலாமா என்பதைப் பின்புறம்தான் முடிவு செய்கிறது. விலையைப் பார்க்கிற கண் இதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பழுது. 70, 80 ஆண்டுப் பழைய பொருளில் எது கெடும், கெட்டால் நீங்களே சரிசெய்ய முடியுமா?

## பிரஸ் கேமரா: கிரவுன் கிராஃபிக், ஸ்பீடு கிராஃபிக், அவற்றின் உறவினர்

முதலில் எல்லோர் மனத்திலும் வருவது இது. வரவேண்டியதும் இதுவே. ராச்செஸ்டரின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் 1947-இல் பேஸ்மேக்கர் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு: கிரவுன், ஸ்பீடு. இரண்டும் 1970-களின் தொடக்கம் வரை வந்தன. எண்ணிக்கையில் ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் உதிரி பாகமும் அனுபவமும் கிடைக்கின்றன.

ஸ்பீடில் லென்ஸ் ஷட்டரோடு கூட, ஃபிலிமுக்கு முன்னால் 1/1000 வரை ஓடும் திரை ஷட்டர் ஒன்றும் உண்டு. அதனால் ஷட்டரே இல்லாத பழைய லென்ஸ்களை மாட்டலாம். கோடக்கின் ஏரோ எக்டர் 178 மி.மீ. எஃப் 2.5 என்ற விமான லென்ஸை மாட்டிப் பலர் எடுக்கும் மிதக்கும் முகங்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் கேமராவுக்கு அந்த ஆசை வேண்டாம். எஃப் 2.5-இல் இரண்டு மீட்டரில் தெளிவு ஆழம் 6 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. ரேஞ்ச்ஃபைண்டரும் அந்த லென்ஸுக்கெனத் தனியாக அமைக்கப்பட வேண்டும். கிரவுனில் திரை ஷட்டர் இல்லை. உடல் மெலிந்தது, எடை குறைவு, கெடுவதற்கு ஒரு பொருள் குறைவு; 90 மி.மீ. லென்ஸும் எளிதாக உட்காரும். என் தேர்வு எப்போதும் கிரவுன்.

லென்ஸ் பெரும்பாலும் 127 மி.மீ. எக்டர், அல்லது 135 மி.மீ. ஆப்டர், ஸீனார். மூன்றும் எஃப் 4.7. எஃப் 8, 11-இல் மூன்றுமே நல்ல கூர்மை. இவற்றுக்கிடையே எது உயர்ந்தது என்று நாள் கணக்கில் படிப்பதைவிட, கண்ணாடியில் பூஞ்சை இல்லாத ஒன்றை எடுப்பது மேல்.

இனி ரேஞ்ச்ஃபைண்டர். பழையவற்றில் பக்கவாட்டில் கலார்ட் என்ற பெட்டி இருக்கும். 1955 வாக்கில் வந்தவற்றில் அது உச்சிக்கு ஏறி, உள்ளே லென்ஸுக்கு ஏற்ற கேம் எனும் உலோகத் தகடு போட்டு மாற்றும் வகையானது. கலார்டை வேறு லென்ஸுக்கு மாற்றியமைக்கலாம். ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் தின்னும் வேலை. உச்சி வகையில் கேம் இருந்தால் நிமிட வேலை. இல்லாவிட்டால் உங்கள் லென்ஸுக்கான கேமைத் தேடி அலைய வேண்டும்.

என் முதல் கிரவுன் வந்தபோது இதொன்றும் எனக்குத் தெரியாது. பளபளப்பாக இருந்தது, இரண்டு பிம்பமும் அழகாக ஒன்றுசேர்ந்தன. அக்காவை முற்றத்தில் உட்காரவைத்து 12 தாள் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது 11 தாளில் காது மயிர்க்கால்வரை தெளிவு, கண் பஞ்சு. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ லென்ஸை மாற்றியிருக்கிறார்; ரேஞ்ச்ஃபைண்டர் பழைய லென்ஸின் கணக்கிலேயே இருந்திருக்கிறது. பிம்பம் சேர்கிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. சேரும் இடமும் கிரவுண்ட் கிளாஸில் தெளிவு விழும் இடமும் ஒன்றா என்பதே சோதனை. முடிவிலி, 3 மீட்டர், ஒன்றரை மீட்டர் என மூன்று தூரத்திலும் பார்த்துவிடுங்கள்.

இதன் கீழே இன்னொரு பொறி உண்டு. கிராஃப்ளெக்ஸ் தன் பின்புறத்தில் எக்டலைட் என்ற வரிவரியான ஃபிரெனல் தகட்டைக் கிரவுண்ட் கிளாஸுக்கு முன்னால், லென்ஸ் பக்கம் வைத்தது. ஃபோகஸ் கணக்கும் அதைச் சேர்த்தே போட்டது. இடையில் யாராவது அதைக் கழற்றிவிட்டாலோ, இல்லாத கேமராவில் புதிதாகச் செருகியிருந்தாலோ கண்ணாடி காட்டுவது ஓரிடம், ஃபிலிமில் விழுவது வேறிடம். அப்போது ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணாடியோடு ஒத்துப்பார்த்தும் பயன் இல்லை. ஒரு தாள் எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பின்புறத்தில் இரண்டு வகை. ஸ்பிரிங் வகை சாதாரண ஹோல்டரை மட்டும் பிடிக்கும். 1949 முதல் வந்த கிராஃப்லாக் வகை, சறுக்குத் தாழ்களால் எதையும் இறுக்கிப் பிடிக்கும்: ரோல் ஃபிலிம் பெட்டி, உடனடிப் படப் பெட்டி எல்லாம். விலை சற்றுக் கூடினாலும் கிராஃப்லாக்கையே தேடுங்கள். லோமோகிராஃபி நிறுவனத்தின் 4×5 பெட்டி அதில் உட்கார்ந்து இன்ஸ்டாக்ஸ் வைட் உடனடிப் படம் எடுக்கும். ஒளி அளவும் ஃபோகஸும் சரியா என்று அந்த நிமிடமே தெரிவதால், கற்கும் காலத்தில் அது பல பெட்டி ஃபிலிமைக் காப்பாற்றும்.

குறை இரண்டு. எடை: லென்ஸோடு 2 கிலோவைத் தாண்டும். திசை: 4×5 கிரவுனிலும் ஸ்பீடிலும் பின்புறம் சுழலாது, நெடுக்குப் படத்துக்குக் கேமராவையே சாய்க்க வேண்டும். முகப்படம் எடுப்பவருக்கு இது நாள்தோறும் உறுத்தும். 1958-இல் வந்த சூப்பர் கிராஃபிக்கில் பின்புறம் சுழலும், உடல் உலோகம், முன்பக்கம் சாயவும் திரும்பவும் செய்யும், விலையும் அதற்கேற்ப. சுழலும் பின்புறம் குறைந்த விலையில் வேண்டுமென்றால் புஷ் பிரஸ்மேன் 4×5-ஐப் பாருங்கள். சிறிய, திடமான உலோகக் கேமரா. கிராஃப்லாக் இல்லாததும், லென்ஸ் பலகை தனக்கெனத் தனி அளவாக இருப்பதும் அதன் குறை.

எப்போது இதுவே சரி: ஒன்றரை முதல் ஐந்து மீட்டருக்குள் மனிதர்களை எடுப்பவருக்கு. பிறகு ஒருநாள் முக்காலியும் வாங்கலாம் என்று நினைப்பவருக்கும்.

## 90 மி.மீ. பெட்டி: மடிப்பு இல்லை, ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை

மெல்லிய கூம்புப் பெட்டி, முன்னால் திருகிச் சுழலும் ஹெலிகாய்டு வளையத்தில் ஒரு 90 மி.மீ. லென்ஸ், பின்னால் ஹோல்டர், தலையில் ஒரு சட்டக வியூஃபைண்டர். அவ்வளவுதான். 2013-இல் கூட்டுநிதியில் பிறந்த வாண்டர்லஸ்ட் டிராவல்வைட் இந்த வகையைப் பரவலாக அறியவைத்தது. குரோமா ஸ்னாப்ஷாட் போன்றவை பின்னால் வந்தன. முப்பரிமாண அச்சுக் கோப்பை வாங்கித் தாங்களே அச்சிட்டுக் கொள்பவர்களும் உண்டு.

இதன் பலம் கணக்கில் இருக்கிறது. 90 மி.மீ. லென்ஸை எஃப் 16-இல் வைத்து வளையத்தை 5 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. வெயிலில் இது கைக்குள் அடங்கும் சொர்க்கம்: ஹோல்டரை மூடும் டார்க் ஸ்லைடை உருவு, சட்டகத்தில் பார், அழுத்து. பெல்லோஸ் என்ற மடிப்புத் துருத்தியில் ஓட்டை என்ற கவலை இல்லை, கேம் தேடும் வேலை இல்லை. கேமரா மட்டும் என்றால் எடை மிகக் குறைவு.

மேகம் மூடினால் கதை மாறுகிறது. எஃப் 8-க்குத் திறந்து 4 மீட்டரில் வைத்தால் தெளிவு 2.9-லிருந்து 6.6 மீட்டர் வரை மட்டும். இதுவும் மோசமில்லை, குழுவாக நிற்பவர்களை எடுக்கலாம். இரண்டு மீட்டருக்குள் போனால் மட்டும் ஊகத்தை நம்பக்கூடாது.

மறைந்திருக்கும் செலவு லென்ஸ். பெட்டியின் விலையைப் பார்த்து மகிழ்பவர்கள், அதில் பெரும்பாலும் லென்ஸ் சேராது என்பதைக் கடைசி வரியில்தான் படிக்கிறார்கள். ஷ்னைடரின் பழைய ஆங்குலோன் 90 மி.மீ. எஃப் 6.8 சிறியது, மலிவு. ஆனால் 4×5-ஐ அது மூடுவது மட்டுமட்டாக, எஃப் 16 வாக்கில்தான் மூலைகள் தேறும். சூப்பர் ஆங்குலோன் எஃப் 8 மூலைவரை கூர்மை தரும். அது பருமன், விலையும் அதிகம். பெட்டியின் கூம்பு நீளம் குறிப்பிட்ட லென்ஸுக்கென்றே வகுக்கப்பட்டிருக்கும். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மாட்ட முடியாமல் போகலாம். இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். அச்சிட்ட பிளாஸ்டிக்கில் மெல்லிய சுவர் இருந்தால் ஒளி கசியும். முதல் நாளே உள்ளே விளக்கைப் போட்டு இருட்டறையில் பாருங்கள்.

எப்போது இதுவே சரி: வீதி, கட்டடம், நிலக்காட்சி, நடைப்பயணம் என்று அகலமாகப் பார்ப்பவருக்கு. முகத்தை நெருங்க விரும்புபவருக்கு இது சரிவராது, 90 மி.மீ.-இல் நெருங்கினால் மூக்கு பெரிதாகும்.

## 9×12 தகட்டுக் கேமரா

எனக்குத் தனிப் பிரியமுள்ள வகை இது. ஃபோய்க்ட்லேண்டர் ஆவுஸ், சைஸ் ஐகான் மாக்சிமார், கோடக் ரெகோமார் 33. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மானியக் கைவேலை. மடித்தால் தடித்த புத்தகம் அளவு, எடை ஒரு கிலோவை ஒட்டி. 13.5 சென்டிமீட்டர் லென்ஸ், எஃப் 4.5, காம்பூர் ஷட்டர். 9×12 சென்டிமீட்டர் என்பது 4×5-ஐவிடக் கொஞ்சம்தான் சிறியது. தொட்டுப் பார்க்கும் நெகட்டிவில் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. விலையோ இந்த வரிசையிலேயே குறைவு.

ஆனால் பெரும்பாலானவற்றில் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. 135 மி.மீ. லென்ஸ், தூர அளவுகோல், உங்கள் கண் மதிப்பு. மேலே சொன்ன கணக்கின்படி எஃப் 8-இல் 3 மீட்டருக்கு முக்கால் மீட்டர் ஆழம் இருக்கிறது. தூரத்தை 30 சென்டிமீட்டர் பிழைக்குள் சொல்லப் பழகினால் தப்பிக்கலாம். எஃப் 11-இல் ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். வெயிலும் பொறுமையும் உள்ளவருக்கு அது போதும்.

ஹோல்டர்தான் இங்கே கண்ணி. அன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் விளிம்பை வார்த்தது; ஒன்றின் ஹோல்டர் இன்னொன்றில் நுழையாது, நுழைந்தாலும் ஒளி கசியும். கேமராவோடு சேர்ந்து வராத ஹோல்டரைத் தேடுவது மாதக்கணக்கில் ஆகலாம். தவிர அவை கண்ணாடித் தகட்டுக்குச் செய்தவை. ஃபிலிம் மெல்லியது என்பதால் உள்ளே தகர உறை ஒன்று வேண்டும். குறைந்தது நான்கு ஹோல்டரும் நான்கு உறையும் சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள். அதே பெயரில் 6.5×9 சென்டிமீட்டர் அளவும் உண்டு; படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அளவைக் கேட்டு உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளைத் தாள் 9×12-இல் ஃபோமா போன்றவர்களிடம் கிடைக்கிறது. வண்ணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் 4×5-ஐ முழு இருட்டில் வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். லென்ஸுக்குப் பூச்சு இல்லாததால் எதிர் வெளிச்சத்தில் படம் வெளுக்கும். கையை நீட்டி நிழல் கொடுத்தால் பாதி தீரும்.

எப்போது இதுவே சரி: கையில் உள்ள பணம் மிகக் குறைவு, எடுப்பது கறுப்பு வெள்ளை, அவசரம் இல்லை என்றால்.

## போலராய்டு மாற்றம், கிராஃப்ளெக்ஸ் எஸ்.எல்.ஆர்.

இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் முதல் கேமராவுக்கு உகந்தவை அல்ல.

போலராய்டு 110ஏ, 110பி கேமராக்களில் ரோடன்ஸ்டாக் இஸாரெக்ஸ் 127 மி.மீ. எஃப் 4.7 லென்ஸும் நல்ல ரேஞ்ச்ஃபைண்டரும் உண்டு. பின்புறத்தை அறுத்து 4×5 பின்புறம் பொருத்தினால் கிரவுனைவிட வேகமாகக் கையாளக்கூடிய கேமரா கிடைக்கும். 110பி-யில் கண் வைத்தால் சட்டகமும் ஃபோகஸும் ஒரே இடத்தில். ஆனால் எல்லாம் மாற்றியவரின் கைப்பக்குவம். ஃபிலிம் தளம் அரை மில்லிமீட்டர் பின்னுக்குப் போனாலே படம் போயிற்று. நன்றாகச் செய்தது மலிவாக இருக்காது. மலிவானதை நம்ப முடியாது. செய்தவர் அந்தக் கேமராவிலேயே எடுத்த நெகட்டிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் யோசிக்கலாம்.

கிராஃப்ளெக்ஸ் எஸ்.எல்.ஆர். வயிற்றருகே வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும் பெரிய பெட்டி. ஃபிலிம் ஏறிய பிறகும், எடுக்கும் கணம்வரை, ஃபோகஸைக் கண்ணால் பார்க்கும் ஒரே வழி இது. நெருங்கிய முகங்களுக்கு இதற்கு ஈடில்லை. சூப்பர் டி-யின் 190 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6-இல் இரண்டு மீட்டரில் தருவது 12 சென்டிமீட்டர் ஆழம்தான். அதைக் கண்ணால் பிடிக்க முடிகிறது. ஆனால் உள்ளிருக்கும் துணித்திரை ஷட்டர் வயதானது. கிழிந்தால் சரிசெய்பவர்கள் மிகச் சிலர். பழைய கிராஃப்ளெக்ஸ் பின்புறம் சாதாரண ஹோல்டரை ஏற்காது, அதற்கெனத் தனி ஹோல்டர் வேண்டும். இரண்டாவது கேமராவாக வாங்குங்கள், வேண்டிய அளவு ஆசைப்படுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிரவுன் கிராஃபிக் | 90 மி.மீ. பெட்டி | 9×12 தகட்டுக் கேமரா | போலராய்டு மாற்றம் | கிராஃப்ளெக்ஸ் எஸ்.எல்.ஆர். |
|---|---|---|---|---|---|
| ஃபோகஸ் வழி | ரேஞ்ச்ஃபைண்டர் | தூர அளவுகோல் | தூர அளவுகோல் | ரேஞ்ச்ஃபைண்டர் | லென்ஸ் வழியே நேரில் |
| பொருந்தும் தூரம் | 1.5–5 மீ. | 3 மீ.க்கு மேல் | 3 மீ.க்கு மேல் | 1.5–5 மீ. | 1–3 மீ. |
| எடை | அதிகம் | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| ஹோல்டர் கிடைப்பது | எளிது | எளிது | கடினம் | எளிது | கடினம் |
| முதலில் கெடுவது | ரேஞ்ச்ஃபைண்டர் அமைப்பு | ஒளிக்கசிவு | பெல்லோஸ், ஹோல்டர் | ஃபிலிம் தளம் | திரை ஷட்டர் |
| பின்னால் வரும் செலவு | கேம், ரேஞ்ச்ஃபைண்டர் வேலை | லென்ஸ் | ஹோல்டர், உறை | செய்தவரிடமே திரும்பப் போவது | ஷட்டர் பழுது |

## எதை வாங்கினாலும் வரும் செலவுகள்

கேமராவுக்கென ஒதுக்கிய பணம் முழுதையும் கேமராவில் போடாதீர்கள். பாதியைப் பின்வருவனவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டர் ஒன்றில் இரண்டு தாள். ஐந்து ஹோல்டர் இருந்தால் ஒரு மாலை நடைக்குப் போதும். பழையதை வாங்கும்போது டார்க் ஸ்லைடு நுழையும் வாயிலில் இருக்கும் பட்டுப்பட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவு அங்கேதான் தொடங்கும். கையில் எடுப்பவருக்குப் பெரிய வரம் கிராஃப்மேட்டிக் என்ற ஹோல்டர்: ஆறு தாளை உள்ளே அடுக்கி, இழுத்துத் தள்ளினால் அடுத்தது வரும். ஆறு சாதாரணத் தாளுக்கு மூன்று ஹோல்டர் மாற்றி, ஆறு முறை ஸ்லைடு உருவிச் செருகும் வேலை மிச்சம். உள்ளிருக்கும் தகடுகள் வளைந்திருந்தால் நடுவழியில் சிக்கும் என்பதால் வாங்குமுன் வெறுமையாக ஆறு முறை ஓட்டிப் பாருங்கள். எஸ்.எல்.ஆர்.-இன் பழைய பின்புறத்துக்கான கிராஃப்மேட்டிக் வேறு வகை. மாற்றி வாங்கிவிட வேண்டாம்.

ஃபிலிம்: வாரம் நான்கு தாள் என்றால் ஓராண்டில் 200-ஐத் தாண்டும். இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் 25 தாள் பெட்டியாக வருகிறது, ஃபோமாபான் 50 தாளாக. தாள் ஒன்றுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பார்த்தே ஒப்பிடுங்கள். கையில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 400 வேண்டும். மலிவு என்று பலர் போகும் எக்ஸ்ரே ஃபிலிம் சிவப்பை உணராது, வேகமும் குறைவு, இரண்டு பக்கமும் பூச்சு உள்ளதால் கீறும். முக்காலிக்காரருக்கு அது நல்ல பள்ளிக்கூடம், நமக்கு அல்ல.

கழுவுவதை வெளியே கொடுத்தால் அந்தச் செலவே ஃபிலிமை எட்டிப்பிடிக்கும். ஸ்டியர்மன் எஸ்.பி. 445 தொட்டி அரை லிட்டருக்கும் சற்றுக் குறைந்த திரவத்தில் நான்கு தாள் கழுவும். பேட்டர்சன் தொட்டியில் மாட்டும் மாட் 54 சட்டம் ஒரு லிட்டரில் ஆறு. கிராஃப்மேட்டிக் வைத்திருப்பவருக்கு ஆறு என்ற எண் ஒத்துப்போகும்.

ஸ்கேனர் வாங்குபவர்கள் ஏமாறுவது அகலத்தில். எப்சன் வி600 போன்றவற்றின் மேல்விளக்கு ரோல் ஃபிலிம் அகலத்துக்குத்தான். 4×5-ஐ ஒரே தடவையில் எடுக்காது. வி850 எடுக்கும். இரண்டுமே வேண்டாம் என்றால் ஒளிப்பலகையில் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுக்கலாம், அல்லது தாளோடு தாள் வைத்துக் காண்டாக்ட் பிரிண்ட் போடலாம். 4×5 காண்டாக்ட் பிரிண்ட் உள்ளங்கை அகலம். அந்த அளவிலேயே நிறைந்த படம்.

## யாருக்கு எது

வீட்டு மனிதர்கள், நண்பர்கள், தெருவில் நின்று பேச்சுக் கொடுத்து எடுக்கும் முகங்கள் என்றால் கிரவுன், கிராஃப்லாக் பின்புறத்தோடு. ரேஞ்ச்ஃபைண்டர் அந்த லென்ஸுக்கே அமைந்தது என்று விற்பவர் உறுதி சொல்லாவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஊர் சுற்றல், கட்டடம், வெயில் என்றால் பெட்டி. கையில் ஏற்கெனவே 90 மி.மீ. லென்ஸ் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

தாள் ஃபிலிம் நமக்கு ஒத்துவருமா என்பதே இன்னும் தெரியவில்லை என்றால் 9×12, ஹோல்டர்களோடு. ஓராண்டு கழித்துப் பிடிக்காவிட்டால் வாங்கிய விலைக்கே விற்கலாம். பிடித்துவிட்டால் அதை விற்கவே மாட்டீர்கள்.

இரண்டு கைக்கும் நடுக்கம் உண்டு, அல்லது எடுப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் என்றால், இவற்றில் எதுவும் வேண்டாம். இன்டிரெப்பிட் போன்ற எளிய ஃபீல்டு கேமராவும் ஒரு முக்காலியும் உங்களுக்கு அதிக மகிழ்ச்சி தரும்.

## முதல் பத்து தாள்

எந்தக் கேமரா வந்தாலும் முதல் தாளை வெளியே எடுத்துப் போகாதீர்கள். இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் போட்டு, மடிப்பு மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மேசைமேல் கேமராவை வைத்து, அளவு நாடாவைச் சாய்வாக விரித்து, 2 மீட்டரில் உள்ள எண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, அப்பர்ச்சரை முழுதும் திறந்து ஒரு தாள். கழுவிய நெகட்டிவில் எந்த எண் கூர்மை? 2 மீட்டர் எண்ணேதான் என்றால் அடுத்த தாளுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்தத் தாள் மீதி 24-ஐக் காப்பாற்றியது.

ஹோல்டரில் ஏற்றும்போது ஓரத்து வெட்டு அடையாளம் வலது மேல் மூலையில் இருந்தால் பூச்சு உங்களைப் பார்க்கிறது. ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் எடுக்காத தாள். எடுத்ததும் கறுப்புப் பக்கம் வெளியே வரும்படி திருப்பிச் செருகுங்கள். ஒளி அளவு, ஷட்டர் இறுக்கம், அப்பர்ச்சர் மூன்றையும் ஸ்லைடு உருவுமுன் முடித்துவிடுங்கள். கண்ணாடியில் பார்ப்பதற்காகத் திறந்துவைத்த ஷட்டரை மூடிவிட்டோமா என்பதையும் அப்போதே. உருவிய பிறகு கைக்கு இருக்க வேண்டிய வேலை ஃபோகஸும் அழுத்துவதும் மட்டும்.

தூர அளவுகோலை நம்பும் கேமரா வாங்கியவர்களுக்கு ஒன்று. மெல்லிய கயிற்றில் இரண்டு, இரண்டரை, மூன்று மீட்டரில் முடிச்சுப் போட்டு, நுனியைக் கேமராவின் அடியில் கட்டிக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவரிடம் முடிச்சைக் கன்னத்தருகே பிடிக்கச் சொல்லி, கயிறு விறைத்ததும் கீழே விடச் சொல்லி, அதே மூச்சில் அழுத்துங்கள். என் 9×12-இல் இப்படி எடுத்தவற்றில் கண் தெளிவாக விழாத தாள் அரிது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் அந்த ஒரு கணம் வரும் கவனம், வேறெப்படிச் சொல்லியும் எனக்குக் கிடைத்ததில்லை.